எண்பது மணி நேரமும் ஒரு கோடு போட்ட நோட்டும்

2025 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் அந்தக் கடிதம் வந்தது. கடை வேலை முடிந்து திரும்பியவள், குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். ஏழு பக்கம். நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு பத்திதான் என்னைப் பற்றியது. உடல் தகுதி உள்ளவர், பொறுப்பில் சிறு பிள்ளைகள் இல்லாதவர் என்ற பிரிவில் நான் சேர்க்கப்பட்டிருக்கிறேனாம். மாதம் 80 மணி நேரம் வேலை செய்வதற்குச் சான்று காட்டாவிட்டால், ஜனவரியிலிருந்து மூன்று மாதம் மட்டுமே அமெரிக்க அரசின் உணவு உதவி (SNAP) வரும், பிறகு நின்றுவிடும்.

எனக்கு 57 வயது. மூன்று ஆண்டுகளாக அந்த உதவியை வாங்குகிறேன். இதுவரை யாரும் இப்படி ஒரு கணக்குக் கேட்டதில்லை. படித்து முடித்ததும் அடிவயிறு சில்லிட்டுப் போனது நினைவிருக்கிறது. அடுத்த நான்கு மாதம் நான் பட்ட பாட்டையும், அதில் கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் நம் மக்கள் எல்லோரும் கணினி வேலையில் இருக்கிறார்கள், வீடும் காரும் வைத்திருக்கிறார்கள் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். உணவு உதவி அட்டையை வைத்திருக்கும் தமிழர்களும் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நான் இருப்பது நியூ ஜெர்சி மாநிலத்தில். கணவர் 2021இல் இறந்தார். அவருடைய சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்திலிருந்து மனைவிக்குக் கிடைக்கும் தொகையை 60 வயதுக்கு முன்னால் நான் கேட்க முடியாது. மகள் வேறு மாநிலத்தில் கடன் வாங்கிப் படிக்கிறாள். நான் ஒரு நண்பர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள நம் ஊர் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன். பருப்பு வகைகளைப் பொட்டலம் போடுவது, கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பது, காய்கறித் தட்டுகளில் வாடியதைக் களைவது. மணிக்கு 16 டாலர். வாரத்துக்குச் சராசரியாகப் பதினாறு மணி நேரம்.

உணவு உதவியாக மாதம் 190 டாலர் போல வருகிறது. 2025 அக்டோபரில் தொடங்கிய ஆண்டுக்குத் தனி ஆளுக்கான உச்சவரம்பு 298 டாலர். வருமானம் ஏற ஏற அது குறையும். வங்கி அட்டை போன்ற ஒரு அட்டையில் பணம் ஏறிவிடும். ஒரு மூட்டை அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், பால், முட்டை, காய்கறி வாங்கலாம். சோப்பு வாங்க முடியாது. சூடான சாப்பாடு வாங்க முடியாது. எங்கள் கடையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவி பறக்கும் இட்லியை இந்த அட்டையில் வாங்க முடியாது. குளிர்பெட்டியில் இருக்கும் இட்லி மாவை வாங்கலாம். முதல் மாதம் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று இருபது நிமிடம் பஸ்ஸில் போய் வேறு கடையில் வாங்கினேன். இப்போது அந்தக் கூச்சம் இல்லை. கணவர் உயிரோடு இருந்தவரை நாங்கள் இருவரும் வரி கட்டியவர்கள்.

இந்த 80 மணி நேர விதி புதிது இல்லை என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1996இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்திலேயே அது இருக்கிறது. உடல் தகுதி உள்ளவர், பிள்ளைகள் இல்லாதவர் என்றால், மாதம் 80 மணி நேர வேலையோ பயிற்சியோ இல்லாத நிலையில் 36 மாதங்களுக்குள் மூன்று மாதம் மட்டுமே உதவி. அப்போது வயது வரம்பு 18 முதல் 49 வரை. 2023இல் வந்த ஒரு சட்டம் அதைப் படிப்படியாக 54க்கு உயர்த்தியது. 55ஐத் தாண்டியிருந்ததால் என்னை அது தொடவில்லை. 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் அந்த எல்லையை 64க்குக் கொண்டுபோனது. அறுபத்து நான்கு! முட்டி தேய்ந்தவர்களும், முதுகு வளைந்தவர்களும் ஒரே எழுத்து மாற்றத்தில் உள்ளே வந்துவிட்டார்கள்.

வயது மட்டும் மாறவில்லை. முன்பு வீட்டில் 18 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு விலக்கு உண்டு; இப்போது பிள்ளை 14 வயதுக்குள் இருக்க வேண்டும். வீடற்றவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும், அரசுக் காப்பகத்தில் வளர்ந்து வெளியேறிய இளைஞர்களுக்கும் 2023இல் கொடுத்த விலக்கு போய்விட்டது. அமெரிக்கப் பூர்வகுடியினருக்குப் புதிதாக ஒரு விலக்கு சேர்ந்திருக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள பகுதிகளுக்கு மாநிலங்கள் முன்பு எளிதாகத் தளர்வு வாங்கின. இனி அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற இடங்களில் வேலையின்மை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது கிடைக்கும். இந்த வேலை விதி மாற்றங்களால் சராசரியாக எந்த ஒரு மாதத்திலும் 24 லட்சம் பேர் உதவிக்கு வெளியே இருப்பார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவு செலவுக் கணக்கு அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது.

அந்த 24 லட்சம் பேரில் எத்தனை பேர் வேலையே செய்யாதவர்கள், எத்தனை பேர் என்னைப் போல வேலை செய்துகொண்டே காகிதம் காட்ட முடியாமல் போகிறவர்கள் என்ற கேள்விதான் இந்த நான்கு மாதமும் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஒரு நாள்கூடச் சும்மா இருந்ததில்லை. இருந்தும் ஏப்ரல் முதல் தேதி என் அட்டை நிற்கவிருந்தது.

முதலில் நான் செய்த தவறு இது: நான்காம் பக்கத்தில் இருந்த 80 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டேன். பதினாறு மணி நேரத்தை நான்கு வாரத்தால் பெருக்கினால் 64. பதினாறு மணி நேரம் குறைகிறது, அதற்கு எங்கே போவேன் என்று அன்றிரவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாம் பக்கத்தில் யார் யாருக்கு விலக்கு என்று பொடி எழுத்தில் இருந்ததை ஒழுங்காகப் படிக்கவே இல்லை. அந்தப் பக்கத்தில்தான் எனக்கான விடை இருந்தது. அது தெரிய நான்கு மாதம் ஆனது. உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், முதலில் விலக்குப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். ஆங்கிலம் கடினம் என்றால் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மணி நேரத்தைத் தேடுவது அதற்குப் பிறகு.

இரண்டாவது, சான்று. எங்கள் கடையில் சம்பளச் சீட்டு கிடையாது. மாதம் இரண்டு முறை காசோலை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் நூல் கட்டித் தொங்கும் ஒரு கோடு போட்ட நோட்டில்தான் எங்கள் நேரம் எல்லாம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. மசாலாப் பொட்டலம் போடும் நாளில் கை கழுவாமல் நான் எழுதியதால் என் பெயருக்கு எதிரே பல இடங்களில் மஞ்சள் விரல் ரேகை. அந்த நோட்டைத் தவிர நான் உழைத்ததற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

கடைக்காரத் தம்பியிடம் கடிதம் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் முகம் மாறிவிட்டது.

"அக்கா, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாளைக்கு என்னையும் கூப்பிட்டு விசாரிப்பார்களோ?"

"விசாரித்தால் இவர் இங்கே வேலை செய்கிறாரா என்றுதான் கேட்பார்கள், தம்பி. ஆமாம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது?"

"பார்க்கலாம் அக்கா" என்றார். அந்தப் "பார்க்கலாம்" ஜனவரி கடைசி வரை நீண்டது. அவர் தலையில் பழியைப் போட எனக்கு மனமில்லை. சிறு கடை, அரசாங்கக் காகிதம் என்றாலே அவருக்கும் பயம். பிறகு நானே கடிதத்தை எழுதி அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். என் பெயர், வேலையில் சேர்ந்த தேதி, மணிக்கு எவ்வளவு கூலி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும். அரைப் பக்கம்தான். படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அக்கா?" என்று அங்கேயே கையெழுத்திட்டார். முதல் நாளே அப்படிச் செய்திருக்க வேண்டும். கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டால் எதை எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப் போடுகிறார்கள். எழுதிய கடிதத்தை நீட்டினால் வேலை முடிகிறது.

கடிதம் கிடைக்கவே கிடைக்காது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சான்று கொண்டுவருவது முதலில் நம் பொறுப்புதான். ஆனால் நாம் முயன்றும் முடியவில்லை என்றால் உதவ வேண்டிய கடமை உணவு உதவி அலுவலகத்துக்கு இருக்கிறது. நம் வேலையை அறிந்த ஒருவரிடம் அவர்களே தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளலாம். அதை நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதற்கிடையில் குறையும் மணி நேரத்துக்காக ஓடினேன். வேலை தேடினேன். வேலை தேடும் நேரம் மட்டும் தனியாகக் கணக்கில் வராது என்று தெரியாமல், விண்ணப்பம் போட்ட கடைகளின் பட்டியல் ஒன்றை மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அது பயன்படவில்லை. பயன்பட்டது வேறு ஒன்று: தன்னார்வப் பணியும் கணக்கில் சேரும். கூலி வாங்கும் வேலை, கூலிக்குப் பதிலாகப் பொருளோ வசதியோ வாங்கிக்கொண்டு செய்யும் வேலை, கூலியே இல்லாமல் செய்யும் வேலை, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி எல்லாவற்றையும் கூட்டி 80 வந்தால் போதும்.

பக்கத்துத் தேவாலயத்தின் அடித்தளத்தில் செவ்வாயும் சனியும் ஏழைகளுக்கு உணவுப் பொருள் கொடுக்கிறார்கள். அங்கே போய் நின்றேன். டப்பாக்களில் காலாவதித் தேதி பார்த்துப் பிரிப்பது என் வேலை. வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். அங்கே பொறுப்பில் இருந்த அம்மையார் ஒரு நேரத்தாளைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அவரே சுருக்கக் கையெழுத்துப் போட்டார். "மாதக் கடைசியில் மொத்தமாகக் கேட்காதே, அப்போது எனக்கு நினைவிருக்காது" என்று முதல் நாளே சொன்னார். அவரிடம் கற்றுக்கொண்ட பழக்கம் இது: வேலை முடிந்த அன்றே, அந்த இடத்திலேயே கையெழுத்து. நம் கோயில்களில் மடப்பள்ளியிலும் அன்னதானத்திலும் மணிக்கணக்காக உழைக்கும் பெண்கள் எத்தனை பேர்! சேவைக்குக் கணக்கு எழுதுவது பாவம் என்று நினைக்கிறோம். கோயிலின் முத்திரைத் தாளில் நிர்வாகி ஒருவர் நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த உழைப்பும் சான்றாகலாம். மாநிலத்துக்கு மாநிலம் அவர்கள் ஏற்கும் படிவம் வேறு என்பதால், தொடங்குவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பிப்ரவரியில் பனி கொட்டியது. கடை நான்கு நாள் திறக்கவில்லை. திறந்த நாளிலும் ஆள் வரவில்லை. என் வேலை வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. தேவாலயத்தில் ஒன்பது மணி நேரம். பன்னிரண்டும் ஒன்பதும் இருபத்தொன்று. நான்கு வாரத்துக்கு 84. விளிம்பில் தப்பினேன். நேரம் குறைந்ததை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. இந்த விதிக்கு உட்பட்டவரின் வேலை மாதம் 80 மணி நேரத்துக்குக் கீழே போனால் தெரிவித்தே ஆக வேண்டும். வழக்கமாகப் போதுமான நேரம் வேலை செய்கிறவர் நோய், வீட்டில் அவசரம், போக வர வண்டி இல்லாமை போன்ற காரணத்தால் ஒரு மாதம் தவறவிட்டால், அந்த வேலை இன்னும் கையில் இருந்தால், அதைத் தக்க காரணமாக ஏற்க விதியில் இடம் இருக்கிறது. அதையும் நாம்தான் கேட்க வேண்டும்.

எல்லாச் சான்றுகளையும் கைப்பேசியில் படம் எடுத்து இணையத்தில் ஏற்றினேன். ஏற்றியதும் "பெறப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. அந்தத் திரையைப் படம் பிடித்து வைக்கவில்லை. பிடித்திருந்தால் பாதித் துன்பம் மிச்சமாகியிருக்கும்.

மார்ச் 20க்கு மேல் இன்னொரு கடிதம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் அந்த மூன்று மாத வரம்பில் எண்ணப்பட்ட மாதங்கள். ஏப்ரல் 1 முதல் உதவி நிறுத்தம். நான் அனுப்பிய கடைக்காரர் கடிதம், நேரத்தாள், நோட்டின் படங்கள் எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. தொலைபேசியில் அழைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இசை கேட்டபடி காத்திருந்த பிறகு பேசிய பெண், "உங்கள் கோப்பில் எதுவும் இல்லை" என்றார். அவர் குரலில் வெறுப்பு இல்லை, களைப்புதான் இருந்தது. அன்றிரவு அரிசிப் பானையைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்படிப் பார்த்தேன்.

சின்ன வயதில் எங்கள் ஊர் ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்றிருக்கிறேன். சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அம்மா என்னைத்தான் அனுப்புவார். எடையில் குறைப்பார்கள், சரக்கு வரவில்லை என்பார்கள், சண்டை நடக்கும். ஆனால் அரிசி வாங்க வந்தவரிடம் போன மாதம் எத்தனை மணி நேரம் உழைத்தாய் என்று யாரும் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கடை எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்தது. இரண்டு நாட்டையும் ஒப்பிட்டு யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வயிற்றுக்கும் வேலைக்கும் நடுவே இவ்வளவு காகிதத்தை வைக்காமலும் ஓர் அரசு சோறு கொடுக்க முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்து வளர்ந்தவள்.

தேவாலயத்து அம்மையார்தான் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகச் சொன்னார். போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில், அந்த இளம் வழக்கறிஞர் என் கடைக்காரர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "வாரத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதினாறு மணி, பதினாறு டாலர், 256 என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து 217.50 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் பலர் தவிக்கிறார்கள். உணவு உதவியில் பொதுவான வேலை விதி என்று ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை செய்கிறவருக்கு அதிலிருந்து விலக்கு. அல்லது 30 மணி நேரத்தை மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கினால் வரும் தொகையைச் சம்பாதிக்கிறவருக்கும் விலக்கு. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009க்குப் பிறகு அது ஒரு காசுகூட ஏறவில்லை. 7.25ஐ 30ஆல் பெருக்கினால் 217.50. பொது விதியிலிருந்து விலக்கு உள்ளவருக்கு இந்த மூன்று மாத வரம்பும் பொருந்தாது. ஆகவே கூலி அதிகமுள்ள நியூ ஜெர்சி போன்ற மாநிலத்தில், மணிக்கு 16 டாலர் வாங்கும் ஒருவர் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் உழைத்தாலே 224 டாலர் வந்துவிடுகிறது. 80 மணி நேரக் கணக்கே அவருக்குத் தேவையில்லை.

ஜனவரியிலும் மார்ச்சிலும் நான் தானாகவே விலக்குப் பெற்றவள். பனி பெய்த பிப்ரவரியில் மட்டும் வாரத்துக்கு 192 டாலர்தான். அந்த மாதத்துக்கு 84 மணி நேரம் கையில் இருந்தது. மூன்றில் ஒரு மாதத்தைக்கூட எண்ணியிருக்கக் கூடாது.

நான் அழுதுவிட்டேன். டிசம்பரிலேயே ஒருவர் என்னிடம் "வாரத்துக்கு எவ்வளவு வருகிறது?" என்று கேட்டிருந்தால் போதும். உதவியைப் புதுப்பிக்கும் நேர்காணலில் என் வருமானத்தை நானே சொன்னேன். அது அவர்கள் கோப்பிலேயே இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து இந்த விலக்கைப் போட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

வழக்கறிஞர் அன்றே முறையீட்டு விசாரணை கேட்டு எழுதினார். நிறுத்தக் கடிதம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. ஆனால் நிறுத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, பெரும்பாலும் கடிதத் தேதியிலிருந்து பத்து நாளுக்குள், கேட்டுவிட்டால் தீர்ப்பு வரும்வரை உதவி தொடரும். தோற்றால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு விசாரணை வரை போகத் தேவைப்படவில்லை. சான்றுகளை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு தாளின் நகலிலும் தேதி முத்திரை வாங்கினோம். எட்டாம் நாள் அலுவலகத்திலிருந்தே அழைத்து, எண்ணிய மூன்று மாதமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்றார்கள்.

உதவி நின்றுபோனவர்களும் கைவிட வேண்டியதில்லை. தொடர்ச்சியான 30 நாளுக்குள் 80 மணி நேரம் வேலை செய்து காட்டினால் மீண்டும் சேரலாம். உடல்நிலையோ குடும்ப நிலையோ மாறி விலக்கு கிடைத்தாலும் சேரலாம்.

இது முடிந்த பிறகு என்னிடம் வந்து கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நான் சட்டம் படித்தவள் இல்லை. என் கதையைச் சொல்லி, சட்ட உதவி மையத்தின் எண்ணைக் கொடுக்கிறேன். ரவிக்கை தைக்கும் ஒரு தங்கைக்குப் பிப்ரவரியில் மகன் 14 வயது முடித்தான். பிறந்தநாள் கேக் வெட்டிய மாதத்திலேயே அவளுடைய விலக்கு முடிந்தது. வீட்டிலிருந்து தைப்பதும் சுயதொழில்தான் என்று சொன்னேன். இப்போது அளவு எடுத்த நேரம், வெட்டிய நேரம், தைத்த நேரம், வாங்கிய கூலி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறாள். நூலுக்கும் லைனிங் துணிக்கும் ரசீது ஒட்டி வைக்கிறாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தஞ்சம் கிடைத்த ஒரு குடும்பத்தின் நிலைதான் என்னைத் தூங்க விடவில்லை. புதிய சட்டத்தில் குடிமக்கள், பச்சை அட்டை எனப்படும் நிரந்தர வசிப்புரிமை அட்டை பெற்றவர்கள், கியூபா, ஹெய்ட்டியிலிருந்து வந்த சில பிரிவினர், சில பசிபிக் தீவு நாட்டவர் ஆகியோருக்கு மட்டுமே தகுதி. தஞ்சம் பெற்றவர், அகதி என்ற நிலை மட்டும் இருந்தால் போதாது. இவர்களுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தும் பயனில்லை. பச்சை அட்டை விண்ணப்பத்தைத் தள்ளிப் போட வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு கிடைக்கிறது. சனிக்கிழமை நான் டப்பாக்களைப் பிரிக்கும் இடத்துக்கு அவர்களின் அம்மாவையும் அழைத்துப் போகிறேன்.

எதிர் வீட்டு அண்ணனுக்கு 62 வயது. கிடங்கில் பெட்டி தூக்கியே இரண்டு முட்டியும் போய்விட்டது, சர்க்கரையும் இருக்கிறது. அவருக்கும் அதே ஏழு பக்கக் கடிதம். "ஊனமுற்றவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு எந்த வேலையும் தர மாட்டார்கள் அம்மா" என்று ஒரு மாதம் படிவத்தைத் தொடவே மறுத்தார். அந்தப் படிவத்தில் அப்படி எந்தச் சொல்லும் இல்லை என்பதை விரலால் தொட்டுக் காட்டினேன். உடலாலோ மனதாலோ வேலைக்குத் தகுதியில்லாத நிலை என்பதுதான் கேள்வி. ஊனத்துக்கான உதவித்தொகை வாங்குகிறவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதில்லை. செவிலியர், மருத்துவரின் உதவியாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர்கூட எழுதிக் கொடுக்கலாம். அவருடைய மருத்துவரைப் பார்க்க ஜூன் வரை நேரம் இல்லை என்றார்கள். அதே மருத்துவமனையில் மாதாமாதம் அவருக்குச் சர்க்கரை பார்க்கும் செவிலியரைக் கேட்டோம். வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்.

படிவத்தின் மேல்பகுதியை நேற்று இரவு சேர்ந்து நிரப்பினோம். மூன்று நகல் எடுத்து என் பையில் வைத்திருக்கிறேன். கடையில் வியாழன் காலை வர முடியாது என்று தம்பியிடம் சொல்லி, அந்த மூன்று மணி நேரத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, நோட்டில் எழுதியும் விட்டேன்.